சட்டையில் இருப்பது யார் இரத்தம் என்று தெரிந்தால் போதுமா? (தடய உயிரியல் – தொடக்கநிலைச் சந்தேகங்கள்)

#1 தேன்மொழி

வணக்கம். இந்தப் பருவத்தில் தடய உயிரியல் புதுப் பாடமாக வந்திருக்கிறது. மூன்று வகுப்புகள்தான் முடிந்திருக்கின்றன, அதற்குள் நோட்டு முழுக்கப் பட்டியல். உயிரியல் சான்று, வேதிச் சான்று, பதிவுத் தடயம், நுண்தடயம், வகுப்புப் பண்பு, தனிப்பண்பு... மனப்பாடம் செய்துவிடலாம், அது பிரச்சினை இல்லை. இத்தனை வகை எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை.

மூன்று கேள்விகள். தடய மருத்துவமும் தடய உயிரியலும் ஒன்றா? இரத்தக் கறை படிந்த துணியைக் காகித உறையில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் பை கூடாது என்றார்கள். பிளாஸ்டிக்கில் போட்டால்தானே வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது? கடைசியாக, டிஎன்ஏ என்று ஒன்று இருக்கும்போது மற்ற சான்றுகளெல்லாம் இன்னும் எதற்கு?

#2 நுண்நோக்கி

பணி ஓய்வு பெற்ற ஆய்வக ஆள் நான். உயிரியல் பிரிவில் நிறைய வருடம் கறைகளோடு குடும்பம் நடத்தியவன்.

முதல் கேள்வி எளிது. உடலைப் பார்த்து எப்படி இறந்தார், எந்தக் காயம் உயிரைப் பறித்தது என்று சொல்வது தடய மருத்துவம். அது மருத்துவரின் வேலை. உடலிலிருந்து வெளியே சிந்தியது, உதிர்ந்தது, ஒட்டியது எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். இரத்தம், விந்து, உமிழ்நீர், வியர்வை, முடி, நகத்துண்டு, பல், எலும்பு. மனிதனுடையது மட்டும் இல்லை. விலங்கு முடி, மகரந்தம், மரத்தூள், நீர்ப்பாசி, ஈப்புழு எல்லாமே சேர்த்தி. உயிரிடமிருந்து வந்தது எதுவானாலும் எங்களுக்குத்தான்.

காகித உறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானே கைசுட்டுக்கொண்டவன். ஒரு முறை ஒரு சட்டை வந்தது. எங்கிருந்து என்று வேண்டாம். ஈரம் காயாமல் பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மேலே அழகாக முத்திரை வேறு வைத்திருந்தார்கள். திறந்ததும் வந்த வாடையிலேயே தெரிந்துவிட்டது. காலரைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் பூஞ்சை, பஞ்சு மாதிரி. கறை இருந்த இடம் கறுத்துக் கொழகொழவென்று. நான்கு இடத்தில் வெட்டி எடுத்துப் பார்த்தேன், ஒன்றிலும் முழுமையான டிஎன்ஏ வடிவம் வரவில்லை. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வேண்டியது ஈரம், கதகதப்பு, உணவு. ஈரமான இரத்தத்தோடு பிளாஸ்டிக் பை மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது என்கிறீர்கள், சரி. உள்ளே ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வீர்கள்?

அதனால் முதலில் நிழலில், காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலும் கூடாது, சூடான காற்றும் கூடாது. ஒரு பக்கக் கறை மடிப்பில் மறுபக்கம் ஒட்டாதபடி இடையில் சுத்தமான காகிதம். அப்புறம் காகித உறை. ஒரு பொருளுக்கு ஓர் உறை. சட்டையையும் கால்சட்டையையும் சேர்த்து ஒரே உறையில் போட்டால், எதிலிருந்து எதற்கு ஒட்டியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

காகிதம் எப்போதும் சரி என்று மட்டும் எழுதிவைத்துவிடாதீர்கள். தீவைப்பு நடந்த இடத்துச் சாம்பலைக் காகிதத்தில் போட்டால் அதிலுள்ள பெட்ரோல் ஆவி பறந்துவிடும். அதற்குக் காற்றுப்புகாத தகரக் குவளைதான்.

மூன்றாவது கேள்விக்கு நாளை வருகிறேன். அது பெரிய கதை.

#3 சந்தேகசாமி

பெரிய கதையெல்லாம் வேண்டாம் ஐயா, நானே சொல்லிவிடுகிறேன். முடி ஒப்பீடு, இரத்த வகை எல்லாம் பழைய காலத்து ஜோசியம். டிஎன்ஏ வந்த பிறகு மற்றதெல்லாம் அருங்காட்சியகப் பொருள். பொருந்தினால் குற்றவாளி, பொருந்தாவிட்டால் வீட்டுக்குப் போ. முடிந்தது.

#4 கறுப்பு அங்கி

சந்தேகசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிச் சந்தேகமே இல்லாமல் பேசலாமா?

குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். ஆய்வக அறிக்கை என் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பார்க்க மாட்டேன். அந்த உறை யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போனது என்ற பதிவைத்தான் முதலில் பார்ப்பேன். சம்பவ இடத்தில் எடுத்தவர் ஒருவர், கொண்டுவந்தவர் இன்னொருவர், இடையில் இரண்டு நாள் எங்கே இருந்தது என்று எழுத்தில் இல்லை என்றால், உள்ளே இருப்பது எவ்வளவு துல்லியமான டிஎன்ஏவாக இருந்தாலும் எனக்கு வேலை சுலபம். முத்திரையில் கையெழுத்து இல்லாத உறையைப் பார்த்தால் எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்குத் தீபாவளி.

#5 நுண்நோக்கி

சந்தேகசாமி சொன்னதில் ஒரு பாதி சரி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்று காட்டினார். அதே ஆண்டில் பால் உலன்ஹூத் ஒரு கறை மனித இரத்தமா விலங்கு இரத்தமா என்று பிரித்தறியும் சோதனையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு "இது ஆட்டு இரத்தம்" என்று ஒருவன் சொன்னால் மறுக்க வழி கிடையாது. 1915இல் லியோனே லாட்டெஸ் உலர்ந்த கறையிலேயே வகையைக் கண்டறியும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் "ஓ" வகை என்று தெரிந்து என்ன பயன்? கோடிக்கணக்கானவர்களுக்கு அதே வகைதான். கறை "ஏ", உங்கள் இரத்தம் "ஓ" என்றால் நீங்கள் வெளியே. இரண்டும் "ஓ" என்றால் ஒன்றும் முடிவாகவில்லை. தேன்மொழி, உங்கள் நோட்டில் உள்ள வகுப்புப் பண்பு இதுதான். ஆளை விலக்க உதவும், ஆளைச் சுட்டிக்காட்ட உதவாது.

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காணும் டிஎன்ஏ வரைவைக் கண்டுபிடித்தபோது கதை மாறியது. பக்கத்துக் கிராமங்களில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டான். சோதித்துப் பார்த்தால் இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்தது, ஆனால் அந்த ஆள் இவன் இல்லை. டிஎன்ஏ முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் செய்த வேலை ஒரு நிரபராதியை வெளியே விட்டது. இதை எத்தனை பேர் வகுப்பில் சொல்கிறார்கள்? பிறகு அந்த வட்டாரத்து ஆண்கள் 5,000 பேருக்கு மேல் மாதிரி எடுத்தார்கள். உண்மையான கொலைகாரன் தன் பெயரில் வேறொருவனை அனுப்பி மாதிரி கொடுக்க வைத்தான். மாட்டிக்கொண்டது, அந்த இன்னொருவன் மதுக்கூடத்தில் உளறியதால்.

இப்போது பார்ப்பது குட்டித் தொடர்கள். டிஎன்ஏவில் சில இடங்களில் நான்கு எழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பதுதான் கணக்கு. ஓரிடத்தில் உங்களுக்கு 7, 9 என்று இருக்கலாம். 7 அம்மாவிடமிருந்து, 9 அப்பாவிடமிருந்து. எனக்கு 6, 8 இருக்கலாம். ஓரிடம் பொருந்துவது சகஜம். 20 இடங்களும் பொருந்துவது, உடன்பிறந்த ஒற்றைக்கரு இரட்டையரைத் தவிர, நடைமுறையில் நடக்காது.

சந்தேகசாமி சொன்ன பாதி இதோடு சரி. கறை யாருடையது என்று டிஎன்ஏ சொல்லும். எப்படி வந்தது, எப்போது வந்தது என்று சொல்லாது.

#6 தேன்மொழி

ஐயா, நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். இரத்தச் சிவப்பணுவில் உட்கருவே இல்லை என்று பள்ளியில் படித்தோம். அப்புறம் இரத்தத்திலிருந்து டிஎன்ஏ எப்படி?

#7 நுண்நோக்கி

நல்ல கேள்வி, தேர்வில் வரும். வெள்ளணுக்களிலிருந்து. சிவப்பணு கறையின் நிறத்துக்கு மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எலும்பு மச்சை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் வெள்ளணுக்கள் தானம் கொடுத்தவருடையதாக மாறிவிடும். அவர் இரத்தம் சிந்தினால் கொடையாளியின் டிஎன்ஏ வரும், முடி உதிர்ந்தால் அவருடைய சொந்த டிஎன்ஏ வரும். ஒரே ஆள், இரண்டு விடை.

#8 கறுப்பு அங்கி

ஐயா சொன்ன "எப்படி வந்தது" என்பதுதான் என் பிழைப்பே. இரண்டு வழக்குகள் சொல்கிறேன். இரண்டும் உலகறிந்தவை.

ஜெர்மனி, ஹைல்பிரான் நகரம். 2007இல் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டிஎன்ஏ அடையாளம் தெரியாத ஒரு பெண்ணுடையது. அதே பெண்ணின் டிஎன்ஏ ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 சம்பவ இடங்களில். கொலையிலிருந்து சில்லறைத் திருட்டு வரை. போலீஸ் வருடக்கணக்கில் தேடியது. 2009இல் உண்மை வெளிவந்தது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளில், அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டிஎன்ஏ இருந்திருக்கிறது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். ஆனால் கிருமி நீக்கினால் பாக்டீரியா சாகும், டிஎன்ஏ போகாது. ஆய்வகம் தப்பே செய்யவில்லை என்பதுதான் இதில் கொடுமை. ஒவ்வொரு முடிவும் சரியான முடிவு.

அடுத்தது கலிபோர்னியா, 2012. கொலையுண்டவரின் நகத்தடியில் ஒருவரின் டிஎன்ஏ. ஆளைப் பிடித்து மாதக்கணக்கில் சிறையில் வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால், கொலை நடந்த இரவு அந்த ஆள் அளவுக்கு மீறிக் குடித்து மருத்துவமனையில் படுத்திருந்தார். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அதே மீட்புப் பணியாளர்கள்தான் சில மணி நேரத்தில் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அவர்கள் வழியாகத்தான் ஒட்டியிருக்க வேண்டும்.

சந்தேகசாமி, "பொருந்தினால் குற்றவாளி" என்ற உங்கள் சட்டப்படி இவருக்கு என்ன தண்டனை?

#9 சந்தேகசாமி

சரி சரி, விழுந்துவிட்டேன். ஆனால் இவை விதிவிலக்குகள். கோடியில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்று அறிக்கையில் எழுதுகிறார்களே, அந்த எண் பொய்யா?

#10 கறுப்பு அங்கி

எண் பொய் இல்லை. அதைப் படிக்கும் விதம்தான் தப்பாகிவிடுகிறது.

கறை சிதைந்துபோய், சில இடங்கள் மட்டுமே வாசிக்க முடிந்தது என்று வையுங்கள். பத்து லட்சத்தில் ஒருவருக்கு அந்த வடிவம் இருக்கும் என்று கணக்கு வருகிறது. உடனே "இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று" என்று யாராவது சொல்வார்கள். கிடையாது. ஒரு கோடிப் பேர் உள்ள பகுதியில் அதே வடிவம் சராசரியாகப் பத்துப் பேருக்கு இருக்கும். வேறு எந்தச் சான்றும் இல்லாமல், தரவுத்தளத்தில் தேடி இவரைப் பிடித்தார்கள் என்றால், இவர் அந்தப் பத்தில் ஒருவர், அவ்வளவுதான். மற்ற ஒன்பது பேர் தரவுத்தளத்தில் இல்லாத அதிர்ஷ்டசாலிகள். இதே ஆளைச் சம்பவ இடத்தில் கேமரா பார்த்திருக்கிறது, காலணித் தடமும் பொருந்துகிறது என்றால் அது வேறு கதை. மற்ற சான்றுகள் எதற்கு என்று தேன்மொழி கேட்டாரே, அதற்கு என் பதில் இதுதான்.

#11 நுண்நோக்கி

ஆமாம். சம்பவ இடத்தில் முதல் சோதனையாக நாங்கள் டிஎன்ஏவுக்குப் போவதும் இல்லை. சுவரில் பழுப்பாக ஒரு புள்ளி. இரத்தமா, துருவா, சாயமா? காசில்–மேயர் சோதனையை ஒரு முறை கிட்டத்திலிருந்து பார்த்துவிட்டால் மறக்காது. வடிதாள் ஒன்றை நான்காக மடித்து முனையால் கறையை லேசாகத் தேய்க்கிறோம். ஒரு சொட்டு ஆல்கஹால். அடுத்து நிறமற்ற பினால்ப்தலின் கரைசல் ஒரு சொட்டு. இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். இப்போதே இளஞ்சிவப்பு வந்தால் அது இரத்தத்துக்கான அறிகுறி இல்லை, வேறு ஏதோ ஆக்சிஜனேற்றி இருக்கிறது. வராவிட்டால் கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. ஹீமோகுளோபின் இருந்தால் சில நொடிகளில் பளிச்சென்று இளஞ்சிவப்பு பரவும். தாளைத் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், கறையே இல்லாத தாளும் கொஞ்ச நேரத்தில் காற்றுப் பட்டுச் சிவக்கும். அதனால் கடிகாரம் முக்கியம்.

அப்படிச் சிவந்தாலும் "இரத்தம்" என்று எழுதக்கூடாது. சில தாவரச் சாறுகளிலுள்ள பெராக்சிடேஸ் என்ற நொதியும் இதே நிறம் தரும். மாட்டு இரத்தமும் தரும். "இரத்தமாக இருக்கலாம்" வரைதான் போகலாம். இருட்டில் நீலமாக ஒளிரும் லூமினாலும் அப்படியே. துடைத்துக் கழுவிய தரையில்கூடக் காட்டிக்கொடுக்கும், கெட்டிக்காரச் சோதனைதான். ஆனால் வெளுப்புத்தூள் கரைசலுக்கும் செம்புக்கும் அதே மாதிரி ஒளிர்ந்துவிடும். முதல்நிலைச் சோதனை, உறுதிச் சோதனை என்று உங்கள் நோட்டில் இரண்டு பிரிவு இருக்குமே, அந்தக் கோடு இங்கேதான் விழுகிறது. உறுதிக்கு மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் சோதனைப் பட்டை, அப்புறம் டிஎன்ஏ.

விந்துக் கறைக்கும் இதே ஒழுங்கு. விந்தில் நிறைய இருக்கும் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதிக்கான சோதனை ஊதா நிறம் கொடுத்தால் "இருக்கலாம்". நுண்நோக்கியில் சாயமேற்றி, தலை சிவப்பாகவும் வால் பச்சையாகவும் ஒரே ஒரு விந்தணுவைப் பார்த்துவிட்டால் உறுதி. வால் சீக்கிரம் உதிர்ந்துவிடும், தலை தாக்குப்பிடிக்கும். அந்தத் தலையின் பிடிவாதம் பெரிய உதவி. பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் செல்களும் குற்றவாளியின் விந்தணுக்களும் கலந்தே வரும். முதலில் மென்மையான கரைசலில் சாதாரணச் செல்களை உடைத்து டிஎன்ஏவை வடித்துவிடுகிறோம். விந்தணுத் தலை அதற்கு மசியாது. மிச்சமிருப்பதை வலுவான வேதிப்பொருளால் உடைத்தால் அவனுடைய டிஎன்ஏ தனியே. 1985இல் வந்த உத்தி, இன்றும் அதேதான்.

முடியைப் பற்றி சந்தேகசாமி "ஜோசியம்" என்றது கொஞ்சம் வலித்தாலும் உண்மை. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் பழைய முடி ஒப்பீட்டுச் சாட்சியங்களைத் தானே திரும்பப் பார்த்து 2015இல் சொன்ன கணக்கு இது: குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக முடிச் சாட்சியம் சொல்லப்பட்ட 268 விசாரணைகளில் 257இல் நிபுணர்கள் அறிவியல் தாங்காத பேச்சைப் பேசியிருந்தார்கள். முடி மனிதனுடையதா, சாயம் பூசியதா, பிடுங்கப்பட்டதா, தானாக உதிர்ந்ததா என்று நுண்நோக்கி சொல்லும். "இவருடைய முடி" என்று சொல்லாது. வேர் இருந்தால் உட்கரு டிஎன்ஏ எடுக்கலாம். இல்லாவிட்டால் பெரும்பாலும், செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏதான் கைகொடுக்கும். அது தாய்வழியில் வருவது, ஒரே தாய்வழி உறவினர் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். ரஷ்யாவின் கடைசி அரச குடும்பத்தின் எலும்புகளை அடையாளம் காண பிரிட்டிஷ் இளவரசர் பிலிப்பின் இரத்தத்தை வாங்கியது இதனால்தான். அரசிக்கு அவர் தாய்வழிச் சொந்தம்.

#12 பூச்சிப்பித்தன்

இத்தனை பதிவுக்கும் ஈயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருத்தமாக இருக்கிறது.

1247இல் சீன நீதிபதி சோங் சி எழுதிவைத்த சம்பவம் இது. ஒருவன் அரிவாளால் வெட்டப்பட்டுக் கிடக்கிறான். ஊரார் அரிவாளையெல்லாம் கொண்டுவந்து தரையில் வைக்கச் சொல்கிறார் விசாரணை அதிகாரி. எல்லாம் பளபளவென்று சுத்தம். ஓர் அரிவாளில் மட்டும் ஈ மொய்க்கிறது. சொந்தக்காரன் ஒப்புக்கொண்டான். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை லூமினாலுக்கு முன்னாலேயே ஈ கண்டுபிடித்துவிட்டது.

இன்று ஈயைக் கேட்பது "எப்போது" என்ற கேள்வியை. டிஎன்ஏ பதில் சொல்லாத கேள்வி என்று நுண்நோக்கி ஐயாவே சொல்லிவிட்டார். பளபளக்கும் பச்சை ஈயும் நீல ஈயும் பிணத்தைத் தேடி, வெப்பமும் வெளிச்சமும் சரியாக இருந்தால், சில நிமிடங்களிலேயே வந்துவிடும். முட்டை, மூன்று கட்டப் புழு, கூட்டுப்புழு, ஈ. ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கும். அதனால் புழுவின் வயதைப் பின்னோக்கி எண்ணினால் முட்டையிட்ட நேரம் வரும். இறந்த நேரம் இல்லை, கவனியுங்கள். பூட்டிய அறை, போர்வைக்குள் சுற்றிய உடல், இரவு நேரம் என்றால் ஈ வரத் தாமதமாகும். "குறைந்தது இத்தனை நாள் ஆகியிருக்கிறது" என்று மட்டும் சொல்லலாம்.

சேகரிக்கும்போது பாதியைக் கொதிநீரில் போட்டுக் கொன்று பிறகு ஆல்கஹாலில் வைக்க வேண்டும். நேராக ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுத்து நீளம் தப்பாகிவிடும். மறுபாதியை உயிரோடு வளர்த்து எந்த இன ஈ என்று பார்க்க வேண்டும். அவற்றுக்குக் காற்றோட்டமுள்ள டப்பா. இதில் ஒரு முறை நானே மூடியை இறுக்கிவிட்டு மறுநாள் எல்லாம் செத்துக் கிடக்க வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

#13 தேன்மொழி

எல்லோருக்கும் நன்றி. இப்போது என் பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சான்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: இது என்ன; யாருடையது; எப்படி, எப்போது வந்தது. எந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதோ அதில் கோடு. ரத்த வகைக்கு இரண்டாவது கட்டத்தில் "விலக்கலாம்" என்று மட்டும். டிஎன்ஏவுக்கு மூன்றாவது கட்டம் காலி. ஈப்புழுவுக்கு மூன்றாவதில் மட்டும் எழுத்து.

இன்று செய்முறை வகுப்பில் காசில்–மேயர் செய்தோம். தெரியாத கறை மூன்று கொடுத்தார்கள். இரண்டாவது, பெராக்சைடு விடுவதற்கு முன்பே சிவந்துவிட்டது. பக்கத்து மேசையில் எல்லோரும் "இரத்தம்" என்று எழுதிவிட்டார்கள். நான் "முடிவு சொல்ல இயலாது, வேறு ஆக்சிஜனேற்றி இருக்கலாம்" என்று எழுதினேன். மற்ற இரண்டில் முதலாவது பெராக்சைடுக்குப் பிறகு சிவந்தது, "இரத்தமாக இருக்கலாம்" என்று போட்டேன். மூன்றாவது சிவக்கவே இல்லை. சரிதானே ஐயா?

#14 நுண்நோக்கி

சரி. எத்தனை நொடியில் சிவந்தது என்று எழுதினீர்களா? தெரிந்த இரத்தத்தையும் வெறும் தாளையும் அதே கரைசலால் முதலில் சோதித்தீர்களா?

#15 தேன்மொழி

வெறும் தாள் செய்தோம். நொடி எழுதவில்லை. தெரிந்த இரத்தம் செய்யவில்லை.

#16 கறுப்பு அங்கி

அப்படியானால் மூன்றாவது கறையைப் பற்றி உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு ஐந்து நிமிடம் போதும் தங்கச்சி. கரைசல் கெட்டுப்போயிருந்தாலும் கறை சிவக்காது அல்லவா?

#17 தேன்மொழி

ஐயோ, ஆமாம். மூன்றாவதற்கு "இரத்தம் இல்லை" என்றுதான் எழுதினேன். நாளை காலை ஆய்வகம் திறந்ததும் திரும்பச் செய்யக் கேட்கிறேன்.